மாமியார் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

படத்தில் மாமியாரின் மூக்கைக் காணவில்லை.

கண் இருந்தது, வாய் இருந்தது, தலையை மூடிய முக்காடு மடிப்பு மடிப்பாக அழகாக விழுந்திருந்தது. நடுவில் மூக்கு இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. சுஹெந்தர் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். இரண்டு துவாரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவற்றை வைத்து, அங்கே ஒரு மூக்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

"அம்மா மாவுச்சட்டிக்குள்ள தலைய விட்டு எடுத்த மாதிரி இருக்காங்க" என்றாள் அவன் மனைவி நினிங்.

மாமியார் எந்தின் அம்மாள் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தம்மாள் அவனைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆகவே இது குத்தல் என்பதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை.

விஷயம் இதுதான். எந்தின் அம்மாள் பேட்டைப் பெண்களின் அங்க்லுங் மூங்கில் இசைக்குழுவுக்குப் புதுத் தலைவி ஆகியிருந்தாள். சமூகக்கூடத்துச் சுவரில் பழைய தலைவிகள் வரிசையாகச் சட்டத்துக்குள் தொங்கினார்கள். அந்த வரிசையில் தொங்கப்போகும் படத்தை மைத்துனன் தெதென் தன் கைப்பேசியில் எடுப்பதாகத்தான் பேச்சு. சுஹெந்தர்தான் வீட்டார் எல்லோருக்கும் முன்னால், பிலிமில் எடுத்தால்தான் முகத்துக்குக் களை வரும் என்று வாய்விட்டுவிட்டான். தெதென் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டான்.

பாண்டுங் மலைநகரத்தில் வானம் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. கேமராவோ பழசு, வெளிச்சம் அளக்கத் தெரியாதது. அதனால்தான் கொசாசியின் கடையில் ஒரு பழைய லைட் மீட்டர் வாங்கினான். கொசாசி மார்க்கெட் மாடியில் பழைய கேமரா சாமான் விற்பவர். தட்டில் மூன்று மீட்டர்களை வைத்தார். சுஹெந்தர் ஒவ்வொன்றின் கண்ணாடியையும் உள்ளங்கையால் மூடி, முள் சுழியத்தில் போய் உட்காருகிறதா என்று பார்த்தான். மாடிப்படி ஜன்னலில் நீட்டி, முள் திக்காமல் ஏறுகிறதா என்று பார்த்தான். காதருகே ஆட்டி, உள்ளே ஏதாவது கழன்று கிடக்கிறதா என்று கேட்டான். வெளிச்சம் வாங்கும் வெள்ளைக் குமிழ் மஞ்சளடித்திருக்கிறதா என்று சோதித்தான். கடைசியில் கொசாசியின் சொந்த மீட்டரை வாங்கி, நிழலிலும் வெயிலிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ பாக்கமாட்டான் தம்பி" என்றார் கொசாசி. பேட்டரியே வேண்டாத ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். அது வெளிச்சத்தைத் தின்று உயிர்வாழும் சாதி, வேலையில்லாத நேரத்தில் இருட்டில் தூங்கவிடவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். சுஹெந்தர் அதை நினிங்கின் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் தூங்கவைத்தான்.

இப்போது அந்த மீட்டர்மேல்தான் அவனுக்குச் சந்தேகம். அவன் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எங்கள் வீட்டு மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று வருகிறவர்களிடம், மீட்டர் பொய் சொல்லாது, நீங்கள்தான் குழாயைத் திறந்துவிட்டிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் வேலையில் பெரும்பகுதி. ஆனால் தன் மீட்டர் என்று வரும்போது மனுஷனுக்கு வேறு நியாயம். மீட்டருக்கு வயதாகிவிட்டது, இருக்கிற வெளிச்சத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது, அதை நம்பிக் கேமராவை அதிகம் திறந்ததால் மூக்கு வெந்துபோய்விட்டது என்று முடிவுகட்டினான்.

மீட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரன் வைத்திருக்கும் திருப்புளியை வாங்கிவந்து, முள் கொஞ்சம் கூடக் காட்டும்படி திருகினான்.

எந்தின் அம்மாள் முணுமுணுக்காமல் மறுபடி வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் பார்ப்பவனைப்போல அவள் தாடைக்குக் கீழே மீட்டரை நீட்டி அளந்து எடுத்தான். முதல் ரோலைப் போலவே இதையும் சந்தை வழியில் இருந்த லிலிஸின் கடையில் கழுவக் கொடுத்தான். லிலிஸ் கெட்டிக்காரப் பெண். ஒவ்வொரு படத்தையும் இருட்டறையில் கையாலேயே அச்சிடுபவள்.

இரண்டாவது படத்தில் மூக்கோடு நெற்றியும் போயிருந்தது.

"மொதல்ல எடுத்ததவிட இது இன்னும் நல்லாருக்கு மாப்ளே" என்றாள் மாமியார்.

அன்றே மறுபடி திருப்புளியை எடுத்தான். ஸ்க்ரூவை இன்னும் திருகினான். கம்பளிக்கு அடியில் கும்மிருட்டில் கிடக்கும்போதும் முள் நட்டநடு வெயிலைக் காட்டத் தொடங்கிய பிறகு, பயந்துபோய்க் கொசாசியிடம் ஓடினான். கொசாசி மீட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை அடித்த தகப்பனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"அந்த ஸ்க்ரூ முள்ள சுழியத்துல நிறுத்துறதுக்கு மட்டும்தான் தம்பி. ரேடியோ மாதிரி சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிறதுக்கு இல்ல."

அதை அவரே வைத்துக்கொண்டு, பதிலுக்கு பேட்டரி போடும் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். இதற்கென்றே வந்த பழைய பேட்டரி இப்போது கிடைப்பதில்லை, புதுசுக்கு வேகம் ஜாஸ்தி, அதனால் வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும், கணக்குப் பார்த்துக் கழிக்காவிட்டால் படம் கறுக்கும் என்று எச்சரித்தார்.

"கறுக்கட்டும்ணே. அதத்தான் நானும் கேக்குறேன்" என்றான் சுஹெந்தர். கழிக்கவில்லை.

மூன்றாவது படத்தில் முகம் அப்படியே வெளுப்பாகத்தான் இருந்தது. கூடவே கறுப்பு முக்காடு சாம்பலாகி, நாற்காலி புகைக்குள் போயிருந்தது. கழுவுவதில் ஏதாவது கோளாறா என்று லிலிஸிடம் கேட்டான். மருந்தும் தாளும் புதுசு என்றாள் அவள். நெகட்டிவைக் கொடு, பார்க்கிறேன் என்றான். இன்னும் காயவில்லை, எல்லாவற்றையும் மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லி, எதையோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.

வீட்டில் மாமியார் அந்தப் படத்தை அலமாரியில் சாய்த்துவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். "மாப்ளே, இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாமா? கூடிக்கிட்டே வருது" என்றாள்.

சித்திரவதைக்கும் ஒரு எல்லை உண்டு என்று அவன் நினைத்துக்கொண்டான். தெதென் தன் கைப்பேசியைத் துணியால் துடைத்துத் தயாராக வைத்திருப்பதாக நினிங் வேறு வந்து சொன்னாள். பெரிய மழைக்குப் பின் மறுநாள் வெயில் அடித்தது. சுஹெந்தர் துணிந்துவிட்டான். மீட்டரில், பிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகத்தைக் குறிக்கும் வட்டத்தை, போகிறமட்டும் கோடிக்குத் திருப்பினான். இந்த உலகத்தில் எந்த பிலிமும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. முள் சொன்னபடி கேமராவை ஊசி நுனி அளவுக்குத் திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டான். இதிலும் வெளுத்தால் கேமராவை விற்றுவிடுவதென்று தீர்மானம்.

படம் மாட்டும் விழா விடிந்தால் என்ற நிலையில் லிலிஸ் கடைக்குப் போனான். அவள் படம் எதையும் எடுத்து நீட்டவில்லை. கழுவிய பிலிம் சுருளைப் பிரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மறுபக்கம் நின்ற அவள் முகம் அதன் வழியே ஒரு குறையுமில்லாமல் தெரிந்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல சார்."

சுஹெந்தர் ஸ்டூலில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வெட்கமே இல்லாமல் போய்விட்டது. தூங்கவைத்த மீட்டர், திருகிய ஸ்க்ரூ, வேகமான பேட்டரி, கோடிக்குப் போன வட்டம் என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். நல்ல மீட்டரை நானே கெடுத்தேனா, கெட்ட மீட்டரை நம்பிக் கெட்டேனா என்றுகூடத் தெரியவில்லை என்றான். நாளைக்கு அந்தச் சுவரில் தெதெனின் கைப்பேசிப் படம் தொங்கும், மாமியார் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள் என்றான்.

லிலிஸ் எழுந்துபோய்க் கடைக்கதவைப் பாதி சாத்தினாள். இழுப்பறையிலிருந்து முதல் ரோலின் நெகட்டிவை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். மூக்கு இருந்தது, நெற்றி இருந்தது, அதில் ஒவ்வொரு சுருக்கமும் ஊசியால் கீறினாற்போல இருந்தது.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருந்தேன் சார்" என்றாள். "உங்க மாமியார் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாடி இங்க வந்து, 'மாப்ள எடுத்ததுல ஒரு குத்தமும் இல்லடி, என் மூஞ்சிக்குத்தான் வயசாயிப்போச்சு, அவரு மனசு நோகாம நீயே கொஞ்சம் வெளுத்துக் குடுத்துடு'ன்னு கெஞ்சிட்டுப் போவாங்க."