கயிறு தெரியாத வௌவால்

வௌவாலைத் தொங்கவிட்டிருந்த கயிறு பளிச்சென்று தெரிந்தது. எடிட்டருக்கு அதுதான் முதல் தொல்லை.

பழைய படச்சுருள்களைக் கணினியில் ஏற்றி, கீறலும் தூசியும் போகச் சுத்தம் செய்வது அவர் பிழைப்பு. இந்தப் பேய்ப்படத்தைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரப் பெண்.

"எங்கப்பா வர்ற படம் சார். அவரு போனதுக்கப்புறம் அம்மா இதப் பாக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை போட்டுக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சொற்பக் காசில் எடுத்த படம். பேயின் பற்கள் அட்டையில் வெட்டியவை. எடிட்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் பேய் கதவைத் திறந்த இடத்தில் தன்னையறியாமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

படத்தில் ஆண் என்று இருந்ததே அந்தப் பேய் ஒன்றுதான். எனவே அதுதான் அப்பா என்று முடிவு கட்டினார். செத்துப்போன மனிதரைப் பார்த்துச் சொந்த மனைவியே சிரிக்கலாமா? அவர் மானத்தைக் காப்பாற்றுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

கயிற்றை அழித்தார். வௌவால் அந்தரத்தில் தேமே என்று நின்றது. இறக்கையை அசையவிட்டார். அது பேயின் மூக்கில் போய் மோதியது. மூக்கை நகர்த்தினார், பல் காணாமல் போனது. புதுப் பல் வைத்ததும் பேய்க்குக் கல்யாண மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. போதாததற்கு, விரலில் கட்டுப் போட்ட கையொன்று மிச்சமிருந்த கயிற்று நுனியைப் பிடித்தபடி திரை மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் துடைத்தெடுத்தார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பயமா இருந்துச்சா?"

"இல்லையே."

"சிரிப்பு வந்துச்சா?"

"அதுவும் இல்ல. சுத்தமா இருக்கு" என்று கொட்டாவி விட்டாள்.

அவருக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்று நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டது பேய்க்குப் பயந்தா, இல்லை யார் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொய்யை நிஜமாக்கப் பட்ட பாட்டைப் பார்த்தா? யோசிக்க யோசிக்கப் பிடிபடவில்லை. ஞாயிறும் வந்துவிட்டது.

தையல்காரப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். புதுப் புடவை உடுத்தி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, பேய் வந்தபோது அசையவில்லை. வௌவால் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையின் மூலையையே பார்த்தார். காட்சி முடிந்த பிறகும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எடிட்டரும் அந்த மூலையைப் பார்த்தார்.

அம்மா மெல்லத் திரும்பினார்.

"பேய் நல்லாத்தான் இருக்கு தம்பி. விரல்ல நான் போட்ட கட்டோட, கயித்தப் பிடிச்சிட்டு நிப்பாரே எங்க வீட்டுக்காரரு, அவரு எங்க?"