கிறகோரியின் பாஸ்காச் சேவல்

விபூதிப் புதன் காலை, நெற்றியில் சாம்பலோடு கோவிலால் திரும்பிய கிறகோரி, சைக்கிளை விட்டு இறங்குவதற்குள்ளேயே ஒரு பெரிய தீர்மானத்தை எடுத்துவிட்டார். குடியை விடுவதென்றல்ல, அந்தப் பழக்கம் அவரிடம் இல்லை. சுருட்டை விடுவதென்றுமல்ல, அவர் விட்டாலும் அது அவரை விடாது. இந்த வருசம் பாஸ்கா மத்தியானம் வீட்டுச் சேவலைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவது. அதுதான் தீர்மானம்.

தபசுகாலம் தொடங்கும் நாளில் ஊரெல்லாம் இறைச்சியை மறக்கும். கிறகோரி அன்றைக்குத்தான் இறைச்சியைக் கண்டார். அது குசினிக் கூரையில் நின்றது. சிவந்த கொண்டை, கறுத்து மினுங்கும் வால். அவரைப் பார்த்து ஒருதரம் கூவியும் காட்டியது.

"மக்டலீன்! உந்தச் சேவலுக்கு இனி நல்லாத் தீன் போடும். பாஸ்காவுக்கு வின்சன்ற் அண்ணை கொழும்பாலை வாறார். ஊர்ச் சேவல் குழம்பு எண்டு சொல்லிப்போட்டன்."

மக்டலீன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள்.

"எந்தச் சேவல்?"

"எங்களிட்டை எத்தினை சேவல் நிக்குது?"

"ஒண்டுதான். அதாலைதான் கேக்கிறன்."

அந்த வீட்டில் முதன்முதல் கோழி வளர்த்தவர் கிறகோரிதான். வெள்ளை லெகோன் குஞ்சுகளை வாங்கிவந்து, பெட்டிக்குள் அரிக்கன் லாம்பு வைத்துச் சூடு காட்டி, சாக்குத் தீன் போட்டு, சண்டிலிப்பாய் முழுவதும் "விஞ்ஞான முறை, விஞ்ஞான முறை" என்று கதைத்துத் திரிந்தார். பிறகு கப்பலில் சாமான் வராத காலம் வந்தது. அரிசிக்கும் சீனிக்கும் சங்கக்கடையில் வரிசை. கோழித்தீன் கேட்டுப் போனவருக்குக் கடைக்காரன் வெறும் சாக்கை உதறிக் காட்டினான். லெகோன்கள் மண்ணைக் கிளறத் தெரியாமல், ஏதோ அந்நிய தேசத்தில் வந்து இறங்கினவை போல முற்றத்தைப் பார்த்தபடி நின்றன. அந்த மாரியோடு எல்லாம் மோட்சம் போய்விட்டன.

அதன்பிறகுதான் மக்டலீன் தாய்வீட்டிலிருந்து நாலைந்து ஊர்க்கோழிகளையும் இந்தச் சேவலையும் கொண்டுவந்தாள். சாக்குமில்லை, மருந்துமில்லை. பழைய முட்டிக்குள் வைக்கோலும் காய்ந்த சாணியும் திணித்து, நனைத்து, வேலியோரம் கவிழ்த்து வைப்பாள். விடிய நிமிர்த்தினால் உள்ளே கறையான் மொய்க்கும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து. அடைக்கோழிக்குக் கடகத்தில் சாம்பலும் வைக்கோலும் பரப்பி, பேன் பிடிக்காமல் வேப்பிலையும் போடுவாள். முட்டை குறையாமல் வந்தது. மாப்பால் கிடைக்காத அந்த நாளில், "பிள்ளைக்கு முட்டை மஞ்சட்கருவைக் குடுங்கோ" என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். குழந்தை திரேசாவின் கன்னத்தில் அந்த மஞ்சட்கரு தெரியத் தொடங்கியிருந்தது.

"ஏனப்பா, முட்டை இடுறது பேடு. அடை கிடக்கிறது பேடு. சேவலுக்கு இந்த வீட்டிலை என்ன வேலை? விடிய எழும்பிக் கத்துறதுதானே?" என்றார் கிறகோரி.

"அப்பிடிப் பாத்தால் இந்த வீட்டிலை கத்துற ஆக்கள் இன்னும் இருக்கினம். எல்லாரையும் குழம்பு வைக்கேலுமே?"

"பகிடி விடாதையும்."

"நான் பகிடி விடேல்லை. சேவல் இல்லாட்டி முட்டை வரும், குஞ்சு வராது. குஞ்சு வராட்டி, உந்தப் பேடுகள் கிழண்டினாப் பிறகு பிள்ளைக்கு எதைக் குடுக்கிறது? உங்கடை வெறுஞ்சாக்கையோ?"

"பக்கத்து வளவு லூர்த்தம்மாக்கா வீட்டிலை ஒரு சேவல் நிண்டதுதானே?"

"நிண்டது. போன கிழமை கீரி கொண்டு போட்டுது. ஒழுங்கைக்கே இப்ப இது ஒண்டுதான்."

"அண்ணைக்கு வாக்குக் குடுத்திட்டன். முடிஞ்ச கதை."

மக்டலீன் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "சரி, உங்கடை விருப்பம்" என்று உள்ளே போய்விட்டாள்.

அது கிறகோரிக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. மக்டலீன் பயந்தவள். கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கதவு காற்றில் அடித்தாலும் சிலுவை போடுவாள். குழந்தை தும்மினால் பயம். விக்கினால் பயம். ஒன்றும் செய்யாமல் நித்திரை கொண்டால் அதைவிடப் பயம். மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். இப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு சேவலைப் பறிப்பது என்ன பெரிய காரியம்?

ஆனாலும் அவர் கவனமாகத்தான் இருந்தார். மாமி வீட்டுக்குச் சேவல் களவாய்ப் போய்விடுமோ என்று அதன் காலில் சிவப்புத் துணி கட்டினார். கந்தோரால் வந்ததும் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சேவலைப் பார்த்தார். வேலிக்கு மேலால் லூர்த்தம்மாவுக்கும் உத்தரவு போனது.

"அக்கா, நான் இல்லாத நேரம் உந்தச் சேவல் படலை தாண்டினால் எனக்குச் சொல்லவேணும்."

"சேவல் எனக்குச் சொல்லிப்போட்டே தம்பி படலை தாண்டும்?"

பெரிய கிழமை பிறக்க, அடை கிடந்த பேட்டின் கீழ் குஞ்சுகள் பொரித்தன. மஞ்சளும் மண்ணிறமுமாய் முற்றமெங்கும் உருண்டன. ஒருநாள் பிராந்து ஒன்று தாழ வட்டமிட்டது. சேவல் கழுத்தை நீட்டி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், குஞ்செல்லாம் தாயின் செட்டைக்குள் மறைந்தன. பிராந்து வெறுங்காலோடு போனது.

"கண்டியளோ?" என்றாள் மக்டலீன்.

"கண்டனான். நல்ல தொண்டை. கழுத்து இறைச்சி ருசியாய் இருக்கும்."

மறுநாள் செக்கல் நேரம் திரேசாவுக்கு உடம்பு காய்ந்தது. முகம் சிவந்து, வாயால் வீணீர் ஒழுக, குழந்தை அனுங்கிக்கொண்டு கிடந்தது. கிறகோரி தொட்டுப் பார்த்தார். கையை எடுத்து மனைவியைப் பார்த்தார். மக்டலீன் அழவில்லை. ஓடவில்லை. சிலுவைகூடப் போடவில்லை. பேசாமல் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் நெற்றியை ஒற்றினாள்.

அதைக் கண்டதும்தான் கிறகோரிக்குப் பயம் பிடித்தது. தும்மலுக்கே அழுகிறவள் இன்றைக்கு அழவில்லையென்றால் விசயம் எவ்வளவு மோசமாக இருக்கவேண்டும்!

"ஏன் நீர் பேசாமல் இருக்கிறீர்? அழுமன்!"

"அழுது என்ன செய்யிறது? அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வையுங்கோ."

"என்னத்தை வைக்கிறது? ரண்டு மெழுகுதிரி?"

மல்லிக் குடிநீரோடு வந்து நின்ற லூர்த்தம்மா உதட்டைப் பிதுக்கினாள். "மெழுகுதிரிக்குச் சளியும் இளகாது தம்பி. பிள்ளைக்கு வைக்கிறது, உம்மட்டை உள்ளதிலை ஆசையானதாய் இருக்கவேணும்."

கிறகோரிக்கு ஆசையானது எதுவென்று அந்த ஒழுங்கைக்கே தெரியும். அவர் குழந்தையைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"சரி! சேவல்! சேவலைக் குடுக்கிறன். கெதியா வாரும், முழந்தாளிலை இரும்!"

அந்த வீட்டில் எந்த நாளும் செபமாலையில் முதற்பாதியை மக்டலீன் சொல்வாள். மறுபாதியைக் கிறகோரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மூளை கந்தோரில் நின்றாலும் வாய் தன் பாட்டில் பின்னால் போகும். அன்றைக்கும் அவள் நல்ல கோவில் தமிழில், "கோடி அற்புதரான புனித அந்தோனியாரே..." என்று துண்டு துண்டாய்ச் சொல்ல, அவரும் துண்டு துண்டாய்ச் சொன்னார். காது முழுதும் குழந்தையின் மூச்சில். வாய் மட்டும் அவளுக்குப் பின்னால். ஆமென் மட்டும் என்றைக்கும் இல்லாத பலத்தில் வந்தது.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை. குழந்தை சிரித்தது. கீழ் முரசில் அரிசி முனை போல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். கிறகோரி உண்மையாகவே அழுதார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் அறிவு திரும்பியது.

"இஞ்சரப்பா, இது பல்லுக் காய்ச்சலோ?"

"ஓம்."

"உமக்கு நேற்றே தெரியுமோ?"

"முரசு வீங்கியிருந்தது. கண்டனான்."

"பின்னை என்னத்துக்கு நேர்த்தி?"

"பல்லுக் காய்ச்சலும் காய்ச்சல்தானே. நான் பயந்தவள் எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லுறனீங்கள்?"

கிறகோரி தோற்கிற ஆளல்ல. இரண்டு நாள் யோசித்தார். பெரிய வெள்ளியன்று, பாடுகளின் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது, வழி தெரிந்தது. நேர்த்திக் கோழியைச் சுவாமியார் என்ன, சமைத்தா சாப்பிடப் போகிறார்? கோவில் வாசலில் ஏலம் விடுவார்கள். பாஸ்காப் பூசை முடிய நேர்த்தியைக் கொடுத்துவிடுவது; வின்சன்ற் அண்ணையை விட்டு அங்கேயே ஏலத்தில் எடுப்பிப்பது; மத்தியானம் குழம்பு. அந்தோனியாருக்கும் குறையில்லை, அண்ணைக்கும் குறையில்லை. அன்றைக்கு அந்தக் கோவிலில் சிரித்த முகத்தோடு சிலுவையை முத்தி செய்தவர் அவர் ஒருவர்தான்.

பாஸ்கா நாளான உயிர்த்த ஞாயிறு காலை, வின்சன்ற் அண்ணை புதுச் சேட்டோடு வந்து இறங்கினார். கிறகோரி சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படலைக்குப் போனார்.

"எங்கை கொண்டு போறியள்?"

"நேர்த்தி குடுக்க. சாமியிட்டைக் கடன் வைக்கப்படாது, மக்டலீன்."

"நாள் வரேல்லையே இன்னும்."

"எந்த நாள்?"

"நீங்கள் உங்கடை வாயாலை சொன்ன நாள்."

"நான் ஒரு நாளும் சொல்லேல்லை!"

வேலிக்கு மேலால் லூர்த்தம்மாவின் தலை எழும்பியது. "பொய் சொல்லாதையும் தம்பி, நல்ல நாளும் அதுவுமாய். நானும் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டனான். 'எங்கள் மகள் திரேசா சுகமாய் வளர்ந்து புதுநன்மை வாங்கும் நாளன்று, அதுவரை பழுதில்லாமல் வளர்த்த இந்தச் சேவலை உமது பாதத்தில் ஒப்புக்கொடுப்பேன்.' வடிவாச் சொன்னனீர். எனக்குக் கண்ணாலை தண்ணி வந்தது."

கிறகோரி மக்டலீனின் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் இன்னும் தவழக்கூடப் பழகவில்லை. இரண்டே பல்லைக் காட்டித் தகப்பனுக்குச் சிரித்தாள்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போய், செபம் படிச்சு, புதுநன்மை வாங்க இன்னும் ஏழெட்டு வருசம் கிடக்கே! சேவல் அவ்வளவு காலம் இருக்குமோ?"

"இருக்கத்தான் வேணும்" என்றாள் மக்டலீன். "கீரி பிடிச்சாலும் நாய் பிடிச்சாலும் அந்தோனியார் என்னைக் கேக்கமாட்டார். வாக்குக் குடுத்த ஆளைத்தான் கேப்பார். உப்பிடி இறுக்கிப் பிடியாதையுங்கோ, செட்டை நோகப் போகுது."

கிறகோரி கையை மெதுவாக இளக்கினார். சேவல் இறங்கி, உடம்பை உதறி, அவருடைய புதுச் செருப்பை ஒருதரம் கொத்திப் பார்த்துவிட்டுப் பேடுகளிடம் போனது.

மத்தியானம் வாழையிலையில் முட்டைக் குழம்பு வந்தது.

"சேவல் எண்டெல்லோ சொன்னனி?" என்றார் வின்சன்ற் அண்ணை.

கிறகோரி சோற்றைப் பிசைந்து முதற்கவளத்தை உருட்டினார். அப்போதுதான் குசினிக்குள் இருந்து மக்டலீனின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, நேர்த்திச் சேவல் பசியோடை நிக்குது. அதுக்கு முதல் தீனைப் போட்டிட்டு வந்து நீங்கள் சாப்பிடுங்கோ."