தோள்பூட்டும் முறையான வழியும்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளில் ஜூஜிட்சு என்னும் ஜப்பானிய மற்போருக்கு ஈடானது வேறொன்றும் இல்லை. நானுஓயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் அறிவித்துக்கொள்கிறேன். உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது, தோட்டத்தை நிர்வகிக்கும் எங்கள் துரை அதைக் கற்றார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மறக்காமல் வைத்திருந்தார். நாடு செய்த பாக்கியம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீசுக்கு முன்னால், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் சாக்குகளை விரித்து, தொழிலாளர் 'நல்வாழ்வுக்காக' ஒரு தோள்பூட்டுப் போட்டுக் காட்டத் துரை திருவுளங்கொண்டார். தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் வீரய்யா 'தானாகவே' முன்வந்தான். முன்வரும்படி அவனிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

"வலி தாங்காவிட்டால் என் முதுகில் இரண்டு தரம் தட்டு. உடனே விட்டுவிடுவேன்" என்றார் துரை ஆங்கிலத்தில். அதைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். வீரய்யாவுக்கு வேர்த்துவிட்டது.

"தொரை மேல கை வைக்கிறதாங்க? நாளைக்கே பத்துச்சீட்டக் குடுத்து வெரட்டிருவாங்களே!"

நியாயமான அச்சம். நான் விதியைச் சற்றுத் திருத்தினேன்.

"துரையைத் தொடாதை. முறைப்பாடு ஏதும் இருந்தால் வழமைபோலக் கங்காணியிட்டைச் சொல்லு. கங்காணி எனக்குச் சொல்லட்டும். நான் துரைக்குச் சொல்லுறன்."

எங்கள் தோட்டத்தில் எல்லாமே இந்த வழியாகத்தான் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதும் இதே வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

துரை வீரய்யாவை மல்லாக்கக் கிடத்தினார். வலது மணிக்கட்டைப் பிடித்துச் சாக்கோடு அமுக்கினார். மற்றக் கையை அவன் மேற்கைக்குக் கீழே நுழைத்துத் தன் மணிக்கட்டையே பற்றிக்கொண்டார். பிறகு அவன் முழங்கையை மெல்ல உயர்த்தினார். என்ன அழகு! மறுநாள் கவ்வாத்துத் தொடங்குகிறது. அந்தக் கை போனால் வீரய்யா வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காகக் கலையை நிறுத்த முடியுமா?

"கங்காணி! தோளு கழண்டு போகுதுங்க!"

கங்காணி கந்தப்பன் கோட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"அய்யா, வீரய்யா தோளு விசயமா என்னமோ சொல்றானுங்க."

"எந்தத் தோள்?"

கந்தப்பன் திரும்பிப் போனார். "எந்தத் தோளுடா?"

"புடிச்சிருக்கிற தோளுங்க!"

"வலதாமுங்க, அய்யா."

"வலி எப்ப துவங்கினது எண்டு கேட்டுக்கொண்டு வாரும்."

"என்ன நெஞ்சுரம்! இன்னும் தட்டவில்லை!" என்று வியந்த துரை, முழங்கையை இன்னும் சற்று உயர்த்தினார். வீரய்யா எழுப்பிய ஓசையை எந்த மொழியிலும் பெயர்க்க இயலாது. துரையிடம் விஷயத்தைச் சமர்ப்பிப்பதற்காக நான் கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரய்யாவின் மனைவி அழகம்மா ஓடிவந்தாள். துரையின் முதுகில் கையை ஓங்கிப் போட்டாள். பட்! பட்!

துரை உடனே பிடியை விட்டார். எழுந்து, முகம் சிவக்க அவளைப் பார்த்தார். பத்துச்சீட்டு வாசகத்தை நான் மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

"விதி விதிதான்" என்று சிரித்துவிட்டு, முதுகைத் தேய்த்தபடி துரை பங்களாவுக்குப் போய்விட்டார்.

வீரய்யாவின் கை அசைந்தது. அவனைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அழகம்மா என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று பெருந்தன்மையுடன் காத்திருந்தேன்.

"அய்யா, முதுகுல தட்டுனதும் தொரை விட்டுட்டாரு, நல்ல மனுசன். கூர ஒழுகுதுன்னு போன மழையிலருந்து ஒங்க கிட்டதான் சொல்லிக்கிட்டு இருக்கோம். அது தொரை காதுக்குப் போயிருச்சுங்களா?"

"பரிசீலனையிலை இருக்கு" என்றேன்.

அழகம்மா தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நான் மெல்லப் பின்வாங்கி, ஆபீஸ் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டேன்.