மிர்திஃப் வீட்டில் கை நனைத்த விவகாரம்

மரியாதைக்குரிய பெரியண்ணைக்கு,

அரபு நாட்டு அல் குசைஸிலிருந்து தம்பி ஏரம்பு பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் குமுதினியும் பிள்ளை மேனுஜாவும் வெளியே வெயிலிலும் உள்ளே ஏசியிலும் மாறி மாறிச் சுகமாக இருக்கிறோம். இணுவிலில் நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருக்கக் கந்தசாமியார் அருள வேண்டும். தொலைபேசியில் நீங்கள் பேசத் தொடங்கினால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை, ஆகவே கடிதம்.

நான் சம்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேனுஜா தன்னோடு வேலை செய்யும் டோனல் என்ற அயர்லாந்துப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றதும், "நேரில போய் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வா. அந்த வீட்டில கை நனைச்சிடாதை, நனைச்சா சம்மதமெண்டு ஆயிடும்" என்று நீங்கள் கட்டளையிட்டீர்கள். நானும் துணிந்து புறப்பட்டேன். துணிவுக்குக் காரணம் எங்கள் அலுவலகத்து ஆங்கிலேய மேலாளர். ஒருமுறை அவர் கேக் நீட்ட, நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். மனுசன் "ஓகே" என்று தட்டையே கொண்டுபோய்விட்டார். அந்தக் கேக்கை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெள்ளைக்காரரிடம் ஒரு 'நோ' போதும் என்று நம்பி, குமுதினி வைத்த புட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, டோனலின் பெற்றோர் இருக்கும் மிர்திஃபுக்கு டாக்சி பிடித்தேன்.

அண்ணை, அயர்லாந்துக்காரர் வேறு ரகம். தேநீர் வேணுமா என்று டோனலின் தாய் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கேத்திலை அடுப்பில் வைத்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை எங்கட தமிழில் சொன்னால், "ஐயோ, ஒரு சொட்டுத்தானே, குடியுங்கோ." இப்போதுதான் குடித்தேன் என்றேன். "அது அங்கை குடிச்சது, இது இங்கை" என்றார். டாக்டர் கூடாது என்றவர் என்று புளுகினேன். "டாக்டருக்கு ஆர் சொல்லப்போறது?" என்றார். அவர்கள் ஊரில் விருந்தாளி முதலில் சொல்லும் 'வேண்டாம்' எல்லாம் வெறும் மரியாதையாம். அதைக் கேட்டு விட்டுவிட்டால் வீட்டுக்காரருக்குத்தான் மானக்கேடாம். எங்கட சின்னம்மாவிடம் படித்துவிட்டு வந்தவர் மாதிரி விடாப்பிடி.

இதற்கிடையில் தகப்பன் டியர்மட், சமையலறை வாசலுக்கு மேலே நாணலில் பின்னிய சிலுவையைக் காட்டினார். வீட்டைக் காக்குமாம், எங்கட மாவிலைத் தோரணம் போல. சனிக்கிழமை தோறும் வீட்டுக் கூடத்தில் அவர் ஐரிஷ் மொழி வகுப்பு நடத்துகிறாராம். "வகுப்பில பிள்ளையள் ஐரிஷ் கதைக்குதுகள், கதவைத் திறந்தா இங்கிலீஷ். என்ர மகனே, நான் ஐரிஷில கேட்டா இங்கிலீஷிலதான் பதில் சொல்லுறான்" என்று கண் கலங்கினார். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. என்ன சொல்ல வந்தேன் என்பதை மறந்து, மேனுஜா தமிழ் வகுப்புக்குப் போயும் வீட்டில் இங்கிலீஷில் பதில் சொன்ன கதை முழுவதையும் கொட்டினேன். இரண்டு தகப்பன்களும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டோம். அந்தப் பெருமூச்சில் என் கை தானாக நீண்டு கோப்பையை எடுத்துவிட்டது. நல்ல சாயம், நல்ல பால், எங்கட தேத்தண்ணியேதான்! பிறகு உலர்திராட்சை போட்ட பாண் வெண்ணெயோடு வந்தது. அதையும் வேண்டாம் என்றேன். உண்மையில் வேண்டும். டோனலின் தாய்க்கு அது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "கை நனைச்சியளோ?" என்றாள் குமுதினி. "தொண்டைதான் நனைஞ்சது" என்றேன். கட்டித் தந்த மிச்சப் பாணை அவளே முடித்துவிட்டாள்.

இந்த நாட்டில் வேறு எந்த வீட்டிலும் நான் இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை, அண்ணை. ஆனாலும் நடந்தது விபத்து, சம்மதம் அல்ல. ஏலாது என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. நீங்களே அவர்களுக்குப் போன் எடுத்துக் கறாராக மறுத்துவிடுங்கள்.

அண்ணிக்கு அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும், முழங்காலுக்கு எண்ணெயும் சொல்லி, உங்கள் பாதம் பணியும்
ஏரம்பு

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகையில் டோனல் குடும்பமாக வந்து இறங்கிவிட்டான். குமுதினி இடியப்பமும் சொதியும் வைத்தாள். தாய் வேண்டாம் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயோ, கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கோ" என்று என் வாயே சொல்லிற்று. சாப்பிட்டார்கள். டோனல், "காணும் மாமா, போதும்" என்று தமிழில் சொன்னான், மேனுஜா பழக்கினதாம். "ஐரிஷ் வராது, தமிழ் வருமோ?" என்று டியர்மட் கத்த, நான் பெடியனுக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன். ஆகவே போன் எடுக்க வேண்டாம். ஆவணியில் ஒரு நல்ல நாள் பாருங்கள். உங்களுக்கும் அண்ணிக்கும் விசா எடுக்கிறேன். வரமாட்டேன் என்று சொல்வீர்கள். மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம்.