மரச்சீனி கோத்த தூண்டில்

தூண்டில் போடத் தெரியாதவர்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் மீனுக்கு நான்கு எல்லையும் வாசித்துக் காட்டிவிட்டுத் தூண்டில் போட்டவர் எங்கள் ஆதாரக்காரர் ஒருவர்தான்.

பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். பாறசாலையில் முப்பது வருஷமாக ஆதாரம் எழுதுகிறவர் அவர். அடுத்த மேசையில் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவன் நான், அவரைவிட இரண்டே வயது இளையவன். அவர் பிறந்தது அம்பூரி மலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. கடலைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை, கர்க்கடக வாவு என்கிற ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குப் பலி போடப் போகும்போது. அப்போதும் கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டார்.

இப்படிப்பட்டவரின் மகளுக்குப் பொழிக்கரையில் ஒரு வீட்டில் சம்பந்தம் உறுதியானது. ஆறு கடலில் சேரும் இடம்தான் பொழி. மாப்பிள்ளையின் அப்பா காலமெல்லாம் கடலில் வலை போட்டவர். நிச்சயத்தன்று பேச்சோடு பேச்சாக, "சம்மந்திக்கு மீன்பிடுத்தம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பின்னே! ஞாயிற்றுக்கிழமை ஆனா எனக்கு அதுதான் பணி" என்றார்.

"அப்பம் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு நாம ரெண்டுபேருமா தூண்டில் போடலாம், கேட்டீங்களா" என்றார் சம்பந்தி.

நடுவில் ஆறே வாரம். காரில் திரும்பும்போது ஆதாரக்காரர் என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எலே மக்கா, பொய்யின்னு தெரிஞ்சா, பிள்ளை போற வீட்டுல அவளுக்க அப்பன் வெறும் வாய்ப்பேச்சுக்காரன்னு ஆயிருமே. அவளுக்குல்லா தலை குனியும்."

அப்படித் தொடங்கியது பயிற்சி. முதல் ஞாயிறு, பொழியில் இருக்கும் படகுத்துறைப் பாலத்துக்கு ஆபீஸ் நேரப்படி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கடல்நீர் ஏறும்போதுதான் மீனும் ஏறும், இன்றைக்கு அது விடியலிலேயே ஏறி இறங்கிவிட்டது என்று சாயாக்கடைக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நின்ற இடத்தைச் சுற்றி விரலை நீட்டினார்.

"கிழக்கே படகு கெட்டுற குற்றி, மேற்கே பொழிமுகம், தெற்கே நீ, வடக்கே சாயாக்கடை. இதுக்குள்ள வாற மீன் முழுசும் எனக்காக்கும்."

அந்த எல்லைக்குள் முதலில் சிக்கியது என் வேட்டி. அவர் வீசிய வேகத்தில் முள் அதில் மாட்டி, வேட்டி பாதி வழி பொழிக்குப் போய்விட்டது. இரண்டாவது வீச்சு சாயாக்கடையின் தார்ப்பாயில் போய் நின்றது.

இரை இன்னும் மோசம். எல்லாரும் இறால் கோப்பார்கள். இவர் டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, கோத்தார்.

"வீட்டுல மரச்சீனி வச்சா மீன் இல்லாம எறங்குமா? ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடுமாக்கும்" என்றார்.

முள்ளில் இருந்த மரச்சீனி கரைந்தது. பாக்ஸில் இருந்ததை நாங்கள் தின்றோம்.

ஐந்தாவது ஞாயிறும் வெறுங்கைதான். மனம் தளர்ந்து வழியில் சந்தையில் சாளை மீன் வாங்கி, "நான் பிடிச்சதாக்கும்" என்று மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் பையைத் திறந்து பார்த்தார்.

"சாளை கூட்டமாட்டு வலையில கேறும். உங்க தூண்டிலுக்கு மட்டும் வரிசையில நின்னு கடிச்சுதா? செரி, இந்த ஐஸ்கட்டி எப்பிடிக் கேறிச்சு?"

ஆதாரக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆறாவது ஞாயிறு சம்பந்தி வந்துவிட்டார். பாலத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, இவர் மரச்சீனி கோப்பதைப் பார்த்தார். ஒரு மணி நேரம் மிதப்பு அசையவில்லை. இவர்தான் அசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்கு மீனுக்கும் லீவுபோல" என்று சமாளிக்கப் பார்த்தேன். ஆதாரக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டுத் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"சம்மந்தி, எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அன்னைக்குச் சொன்னது பொய். தப்பு என்மேல. அதை எம் பிள்ளைக்க தலையில வச்சிரப்பிடாது."

"அது அன்னைக்கே எனக்குத் தெரியும். தூண்டில் பிடிச்ச கையில முள்ளு கொண்ட பாடு, ஒரு தழும்பாவது இருக்காண்டாமா?"

"பின்னே எதுக்கு விளிச்சீங்க?"

சம்பந்தி கீழே கிடந்த தூண்டிலை எடுத்து, முள்ளில் இருந்த மரச்சீனியை உதறினார். "எனக்கும் ஒரு மக உண்டு. கெட்டிக்குடுத்த வீட்டுல அவளுக்க மாமனாரு இதுவரை எங்கிட்ட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசினதில்ல. அந்தக் கொறை உங்களுக்கு வரப்பிடாதுன்னாக்கும்."

சம்பந்தி டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து ஒரு துண்டு மரச்சீனியை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து இறாலை எடுத்துக் கோத்து, தூண்டிலை இவர் கையில் கொடுத்தார்.

அரை மணியில் ஒரு செம்பல்லி மீன் மாட்டியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பையில் போட ஆதாரக்காரர் சம்மதிக்கவே இல்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, நூலோடு உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். காரோடு என்ற ஊரைத் தாண்டிப் பாறசாலை வரை வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன். நாலு பேர் பார்க்கட்டுமே.