ஏர் ஃபில்டர் பெட்டியும் என் சனிக்கிழமையும்

ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெண்டாட்டி பேச்சை மீற வேண்டும். நான் மீறினேன். ரகசியமாகத்தான் ஆரம்பித்தேன், சத்தமாக முடிந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் நாலு தெருவுக்குக் கேட்கிறது. வம்பே அதுதான்.

என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடோனிலிருந்து கட்டில், பீரோ, சோபா என்று ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குவது என் தொழில். வாரம் முழுக்க நேர்மையாக உழைப்பவன் நான். சனிக்கிழமை மட்டும் நேர்மை கொஞ்சம் குறையும்.

காரணம், சனிக்கிழமை எங்கள் வீட்டைக் கழுவும் நாள். திரைச்சீலையைக் கழற்று, ஃபேனைத் துடை, கட்டிலை நகர்த்து, அடியில் பெருக்கு, நகர்த்திய கட்டிலைத் திரும்ப நகர்த்து. ஊரான் வீட்டுக் கட்டிலை வாரமெல்லாம் தூக்கியவன் ஓய்வு நாளில் சொந்தக் கட்டிலையும் தூக்கினால் முதுகு என்னத்துக்கு ஆகும்? அதனால் காலையிலேயே குடோனில் அவசர லோடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். நேரே பின் தெரு டயர் கடை. கடைக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. வண்டியைக் கடைக்குப் பின்னால் ஒளித்து நிறுத்திவிட்டு, சாயங்காலம் வரை அவரோடு கேரம். திரும்பும்போது டயர் மேலிருக்கும் தூசியைக் கொஞ்சம் எடுத்துச் சட்டையில் பூசிக்கொள்வேன். வண்டியும் எனக்கு உடந்தை. பூனை மாதிரி போகும், பூனை மாதிரி வரும்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்தவன் என் மச்சினன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் காரில் உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. என்னடா இது என்று கேட்டதுதான் தாமதம், பானெட்டைத் திறந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். இன்ஜின் காற்றை இழுப்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி வழியாக. அதற்குள்தான் ஏர் ஃபில்டர். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும் அதன் நுனியில் கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டரும் மாட்டினால், இன்ஜின் தாராளமாக மூச்சு விடுமாம். இழுவை கூடுமாம். உறுமல் இலவசமாம். ஏர் இன்டேக் என்று பெயர் சொன்னான்.

நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் என் மனைவி, "இந்த வேலையெல்லாம் நம்ம வண்டிக்கு வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

நான் கேட்கவே இல்லையே என்றேன். கேட்டாலும் வேண்டாம் என்றாள். மறுநாள் பாத்திரம் கழுவும்போது வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாள் தலை வாரிக்கொண்டே வேண்டாம் என்றாள். அதோடு விட்டாளா? "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம், உங்களால மாட்டவும் முடியாது" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். எந்த ஆம்பளைக்குத்தான் ரோஷம் வராது? அன்றைக்கே போய் வாங்கிவிட்டேன். சீட்டுக்குப் பின்னால் போர்வை போர்த்திப் படுக்க வைத்தேன். மூச்சு சம்பந்தப்பட்ட அந்தச் சமாசாரத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

நல்ல காலம், அந்த வாரமே அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். சாயங்காலம்தான் வருவேன் என்று வாசலில் ஒரு தரம், தெருவில் இறங்கி ஒரு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் பானெட்டைத் திறந்தேன்.

அட்டைப்பெட்டியில் எளிதாகப் பொருத்தலாம் என்று போட்டிருந்தது. எழுதினவன் கையில் கிடைத்தால் எளிதாகப் பொருத்தியிருப்பேன். முதல் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. இரண்டாவது அசைந்து, கழன்று, இன்ஜினுக்கு அடியில் எங்கேயோ விழுந்து என்னை ஊர்ந்து தேட வைத்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று. ஒரு வழியாகப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். குழாயை நுழைத்து கிளாம்ப்பை இறுக்கினேன். சிவப்பு ஃபில்டர் அழகாக உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி அணைந்தது. மாட்டவும் முடியாது என்று அவள் சொன்னது காதில் ரீங்கரித்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. நாளைக்குக் குடோனில் லோடு இருக்கிறது. நிஜ லோடு.

"கிளம்பலையா?"

பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் ஆகவே இல்லை. பூமி பிளந்தால் வண்டியோடு உள்ளே போயிருப்பேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்த வயர் எதுக்குத் தொங்குது?" என்றாள். பிறகு ஓரத்தில் கிடந்த பெட்டியை எடுத்துத் திருப்பி, "இதுல ஒண்ணு குத்திக்கிட்டு நிக்குதே, அதுக்குள்ளதானே அந்த வயர் இருந்திருக்கும்?" என்றாள்.

சென்சார். காற்று எவ்வளவு வருகிறது என்று இன்ஜினுக்குச் சொல்லும் சென்சார். அதைக் கழற்றிக் குழாயில் மாட்ட மறந்து, பழைய பெட்டியிலேயே விட்டிருக்கிறேன். எடுத்து மாட்டினேன். வயரைச் செருகினேன். சாவியைத் திருப்பினேன்.

உறுமியது பாருங்கள். எதிர்வீட்டு மாடியில் காகங்கள் பறந்தன. இப்போது இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். விழவில்லை. "நல்லாத்தாங்க கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை.

சனிக்கிழமை வந்தது. அவசர லோடு. ராஜா மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பினேன். சித்தப்பா கேரம் போர்டில் பவுடர் போட்டு முடித்தார், ஃபோன் அடித்தது.

"என்னங்க, குடோன் போயாச்சா?"

"இப்பதான் வந்தேன். லோடு ஏத்திட்டு இருக்காங்க."

"பாலம் ஏறுற சத்தமே கேக்கலையே."

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்."

"மொட்டைமாடிலதான் நிக்கிறேன். காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது. தெரு முனையில திரும்பினீங்க, கேட்டுச்சு. பின் தெருவுல நுழைஞ்சீங்க, அதுவும் கேட்டுச்சு. டயர் கடைக்குப் பின்னாடி உறுமி நின்னுச்சு. சித்தப்பாவை நான் விசாரிச்சேன்னு சொல்லிட்டு வாங்க. கட்டிலை நகர்த்தணும்."

நகர்த்தினேன். அடுத்த சனிக்கிழமை இன்ஜினைப் போடாமல் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். பாதித் தூரத்தில் வண்டி திடீரென்று லேசாயிற்று. திரும்பிப் பார்த்தால் அவளும் பின்னாலிருந்து தள்ளுகிறாள். ரிப்பேரா என்று கேட்டாள், பாவம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இனி தாங்காது. அன்றைக்கே அவளிடம் போய், இந்தக் குழாய் பெட்ரோலைக் குடிக்கிறது, நீ சொன்னதுதான் சரி, பழைய பெட்டியையே மாட்டிவிடுகிறேன், எங்கே வைத்தாய் என்று கேட்டேன். பால்கனிக்குக் கூட்டிப்போனாள். பெட்டி இருந்தது. அடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே மண். மண்ணுக்கு மேலே ஒரு ரோஜாச் செடி, இரண்டு மொட்டோடு.

"வேர் பிடிச்சிருச்சுங்க. இனிமே பிடுங்கினா பாவம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டாம் வேண்டாம்னு உயிரை எடுத்தவ நீதானே?" என்றேன்.

"வேணும்னு சொல்லியிருந்தா மாட்டியிருப்பீங்களா?" என்றாள். "தம்பியை அன்னைக்கு வண்டியோட வரச் சொன்னதே நான்தான். அவன் அந்தக் குழாயை மாட்டினதிலேருந்து, எந்தத் தெருவுல சுத்துறான்னு எங்கம்மா அடுப்படியில இருந்தே சொல்லிடறாங்க."

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் கட்டிலை நகர்த்தி முடித்ததும், என் ஏர் ஃபில்டர் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.