கம்பளியார் செய்த மாப்பிள்ளை

பிள்ளைகளே, உங்கள் அப்பாவான என் மூக்கை முழுதாகப் பார்த்த மனிதர் வன்னியிலேயே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அதில் ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வட்டக்கச்சியில் அவரைக் கம்பளியார் என்போம். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். அங்கே குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டைகள் எங்கள் வெயிலில் எதற்கு? பிரித்துப் பஞ்சாக்கினார். ஊசியில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, அந்தப் பஞ்சை ஓயாமல் குத்துவார். குத்தக் குத்த அது இறுகி, கண்குழியும் கன்னமும் நாடியுமாக ஒரு முகம் வரும். அதற்காக ஆட்களை வெட்கமில்லாமல் உற்றுப் பார்ப்பார். சந்தையில் ஒருவர் அடிக்கவே போய்விட்டார். கம்பளியார் அவருடைய கோபப் புருவத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு ஒட்டுசுட்டானில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் படம் கேட்டார்கள். போர்த் தடையில் கமராவுக்குப் பிலிம் வராத காலம் அது. கம்பளியாரிடம் போனேன். அவர் செய்த பொம்மையில் மூக்கு முன்னால் வந்தது, நான் பின்னால் வந்தேன்.

மூக்கைக் குறைக்கச் சொன்னேன்.

“குத்துனா உள்ள போயிரும் தம்பி. அப்புறம் அது நீங்க இல்ல.”

“பரவாயில்லை, குத்துங்கோ.”

குத்தினார். கன்னத்தையும் கொஞ்சம் உப்பச் சொன்னேன். கடைசியில் நானே பெண் கொடுக்கக்கூடிய ஒரு மாப்பிள்ளை வந்தார்.

மறுநாள் என் சின்னம்மா கம்பளியாரிடம் பொம்மைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

“பெட்டைக்குச் சம்மதம் தம்பி,” என்றார் சின்னம்மா. “இவ்வளவு பெரிய மூக்கை ஒளிக்காமல் அனுப்பினவரை நம்பலாம் எண்டவள்.”

எந்த மூக்கு? சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பளியாரிடம் பறந்தேன். மனிதர் என் மூக்கு உள்ளபடியே இன்னொரு பொம்மை செய்து, அதை அனுப்பியிருந்தார். நான் சொன்ன மாப்பிள்ளையை என் கையில் தந்தார்.

“இவரும் நல்லாத்தான் இருக்காரு. ஆனா இவருக்குப் பொண்ணு தர்றேன்னு யாரும் சொல்லலியே.”

கல்யாணத்துக்குப் பிறகு போரில் ஊரே இடம்பெயர்ந்தது. கம்பளியார் எந்தப் பக்கம் போனாரோ தெரியாது.

ஒருநாள் உங்கள் அம்மா கிணற்றடிக்குப் போனபின் அந்த அழகனை எடுத்தேன். கொஞ்சம் பஞ்சு வைத்து, விரலில் இரண்டு குத்தும் வாங்கி, அவனுக்கு என் மூக்கை வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. கம்பளியார் எப்போதாவது வந்தால் முதலில் பார்க்கட்டும் என்று, முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.